அண்ணாவின் வேலைக்கு இரண்டு வரி

என் அருமை அண்ணா,

எட்டு மாதமாக உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அழுதேன், அவ்வளவுதான். இப்போது ஒரு சமாசாரம் இருக்கிறது.

போன மாதம் சர்வகலாசாலையிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. டாக்டர் பட்டம் வாங்கிய பின்னும், நிரந்தர உத்தியோகம் இல்லாமல், அங்கேயே ஆராய்ச்சியில் இருப்பவர்களைக் கௌரவிக்க ஒரு கூட்டம் போடப் போகிறார்களாம். ஒவ்வொருவர் செய்த வேலையையும் மேடையில் வாசிப்பார்களாம். மற்றவர்கள் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீ இல்லாததால் உன் வேலையை இரண்டு வரியில் நாங்கள்தான் எழுதித் தர வேண்டும்.

அப்பா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். "மீனைப் பத்தி ஏதோ பார்த்துண்டிருந்தான்" என்றார். அதற்கு மேல் அவருக்கு ஓடவில்லை. எனக்கும்தான். மூன்று வருஷம் கிணற்றடித் தொட்டியில் மீன் வளர்த்தாய். மயிலாப்பூரில் நம் மாதிரி வீட்டில் மீனா என்று அம்மா முதலில் சண்டை போட்டாள். அது பாசியும் சோற்றுப் பருக்கையும் தின்பதைப் பார்த்த பிறகுதான், "சாதம் சாப்பிடறதே" என்று சமாதானமானாள். ஆனால் எதற்காக வளர்க்கிறாய் என்று எங்களில் யாராவது கேட்டோமா? "டாக்டர்னு பேர் வந்துடுத்து. இன்னும் எதுக்குடா காலேஜுக்குப் போறே?" என்று மட்டும் அம்மா கேட்பாள். நீ சிரித்துக்கொண்டே டிராமுக்கு ஓடுவாய்.

உன் நோட்டுப் புத்தகங்களை எடுத்தேன். என் இன்டர்மீடியட் இங்கிலீஷுக்குப் பாதிதான் புரிந்தது. படங்கள் புரிந்தன. ஒரே மீனை வாராவாரம் வரைந்திருக்கிறாய். முதலில் உடம்பில் கறுப்புப் பட்டைகள். பக்கத்தைத் திருப்பத் திருப்பப் பட்டை நடுவில் விண்டு, துண்டு துண்டாகி, கடைசியில் வெறும் புள்ளிகள். முதல் பக்கத்தின் தலைப்பில் மட்டும் தமிழில் ஒரு வரி: "பட்டினப்பாக்கம் அந்தோணியம்மாள் சொன்னது."

யார் இந்த அந்தோணியம்மாள்? அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலை எனக்கு முன்னால் அவள்தான் கிளம்பி நின்றாள். மீன் விற்கும் பக்கமே திரும்பாத நம் அம்மா, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கடற்கரை மணலில் என்னோடு நடந்தாள்.

கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்தோணியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். உன் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "டாக்டரு நைனாவா? இன்னா, ஆளையே காணோம்? எப்ப வருவாருன்னு பார்த்துக்கினு இருக்கேன்."

அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அண்ணா. அம்மாதான் சொன்னாள். "டைபாய்டு ஜுரம். போயிட்டாம்மா." அந்தோணியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கூடையைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. மூக்கிலிருந்த தலைப்பு எப்போதோ நழுவியிருந்தது.

அந்தோணியம்மாள் சொல்லித்தான் எனக்கு உன் வேலை புரிந்தது. "பட்டை போட்டது ஒரு மீனு, புள்ளி போட்டது வேற மீனுன்னு புஸ்தகத்துல எழுதிக்கீதுன்னாரு. நான் சொன்னேன், இன்னா நைனா, ரெண்டும் ஒண்ணுதான், சின்னதுல பட்டை, பெருசானா புள்ளி. அவரு சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. வளர்த்துப் பாக்கறேன்னாரு."

அதைத்தான் இரண்டு வரியில் எழுதினேன். 'புத்தகத்தில் இரண்டாக இருந்த மீனை ஒன்றுதான் என்று வளர்த்துக் காட்டினார். அதை முதலில் சொன்னவர் பட்டினப்பாக்கம் அந்தோணியம்மாள்.'

சர்வகலாசாலையில் காகிதத்தை வாங்கிப் பார்த்த குமாஸ்தா இரண்டாவது வரியை அடித்துத் தரச் சொன்னார். "பட்டம் வாங்கினவா பேர் மட்டுந்தாம்மா வாசிப்போம்" என்றார். அப்பாவுக்கு வேறு கவலை. பட்டை மீனுக்குத் தனிப் பெயர் வைத்தவர் உன் புரொபசர் என்று நோட்டில் இருந்தது. அவர் பெயர் வைத்த மீனே இல்லை என்று அவர் முன்னால் வாசிப்பதா? எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இருந்தும் வரியை அடிக்காமல், நோட்டோடு நேரே புரொபசர் அறைக்குப் போனேன்.

அவர் நின்றபடியே படித்தார். "இதை வைத்தி எங்கிட்ட ஏன் சொல்லலே?" என்று கேட்டார். கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். 'இன்னொரு தரம் வளர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்' என்று எழுதியிருந்தாய். ஜுரம் வந்தது அதற்கு அடுத்த நாள். "நோட்டு இங்கேயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். கோபமா, வருத்தமா என்று தெரியாமலே வீட்டுக்கு வந்தேன்.

கூட்டத்துக்கு அம்மா அந்தோணியம்மாளை அழைத்து வந்து தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். உன் முறை வந்தபோது குமாஸ்தாவிடமிருந்து காகிதத்தைப் புரொபசரே வாங்கிக்கொண்டார். இரண்டு வரியையும் வாசித்தார். பிறகு, "அந்த மீனுக்குப் பேர் வெச்சது நான். அந்தப் பேரை எடுத்தது வைத்தியநாதன். எடுத்தது சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா தட்டவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு தரம் வளர்க்கும் வேலையை உன் கூட்டாளிகள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். முடிந்ததும் உன் பெயரில் அச்சாகுமாம், அந்தோணியம்மாளுக்கு நன்றியோடு.

எனக்குத்தான் இப்போது தூக்கம் பிடிக்கவில்லை. இந்த மீன் முட்டையிடுவது எங்கே? ஆற்றிலா, கடலிலா? உன் நோட்டில் எங்கும் இல்லை. அந்தோணியம்மாளைக் கேட்டேன். "அது எனக்கும் தெரியாது கண்ணு. எங்க அப்பாருக்கும் தெரியாது" என்றாள். யாருக்கும் தெரியாத ஒன்று நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறதா, அண்ணா? இத்தனை நாள் உன்னை ஓட வைத்தது இதுதானா?

மழை விட்டதும் அவளோடு அடையாற்று முகத்துவாரத்துக்குப் போகப் போகிறேன். அப்பா சரி என்றுவிட்டார். பார்த்ததை மட்டும் எழுதுவேன். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே எழுதுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கேட்க வேண்டியதைத் தாமதமாகக் கேட்கும்
உன் தங்கை,
விசாலம்