வாட்ச்மேன் பற்றி ஒரு வரி

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை.

பத்திரிகையில் உன் கட்டுரை படித்தேன். அந்தப் பழைய கறுப்பு வெள்ளைக் கொள்ளைப் படத்துக்கு ஐந்து பக்கம். பெட்டகத்தைத் துளைக்கும் கால்மணி நேரமும் ஒரு வார்த்தை இல்லை, திருடனின் நெற்றி வியர்வைகூட நடிக்கிறது என்கிறாய். அழகுதான். நாற்காலியில் கட்டிப்போட்ட வாட்ச்மேன் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?

அப்பாவும் தான் காவல் காத்த நகைக்கடையில் ஒரு ஞாயிறு பகல் முழுக்க அப்படித்தானே கிடந்தார்? அவிழ்த்துவிட்ட பிறகும், சாகும்வரை இரண்டு வருஷம், கைகளைப் பின்னால் சேர்த்தே உட்கார்ந்திருந்தார். "நீ ரவுண்டு போற நேரம் வேற யாருக்குய்யா தெரியும்?" என்று முதலாளி துரத்திவிட்டான். திருடன் பொண்டாட்டி என்று தெருவில் இன்னும் அம்மாவைச் சொல்கிறார்கள். அப்பா குற்றமற்றவர் என்று அந்த முதலாளிக்கு ஒரு கடிதம் எழுது. எழுத்து உனக்குத்தானே வரும்?

உன் அன்புத் தங்கை

மார்ச் 16

அன்புத் தங்கைக்கு,

எழுத உட்கார்ந்தேன். முதல் வரியே வரவில்லை.

அந்தப் படத்தைப் பதினேழு முறை பார்த்திருக்கிறேன். வாட்ச்மேன் நாற்பது நொடிதான் வருவார். முகம் இருட்டில் இருக்கும். ஒவ்வொரு முறையும் அவர் தலை நிமிரும்போது அப்பா என்னைப் பார்க்கிறார்.

கல்லூரியில் அதைத் திரையிட்ட அன்று நண்பர்களுக்குள் ஒரு விளையாட்டு: நம் ஊரில் எந்தக் கடையை இப்படி அடிக்கலாம்? நான் ஜெயிக்க வேண்டுமே. அப்பா ரவுண்டு போகும் நேரம், டீ குடிக்கும் நேரம், தாழ் சரியாக விழாத பின்கதவு, எல்லாவற்றையும் வரைந்து காட்டினேன். கைதட்டினார்கள். ஒருவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அடுத்த மாதம் கடை கொள்ளை போயிற்று. அவனும் கண்ணில் படவில்லை.

அவிழ்த்துவிட்ட மறுநாள் ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டார்: "யார்கிட்டயாவது சொன்னியாடா?"

"இல்லப்பா."

என்னையே பார்த்தார். "சரி. படிக்கிற வேலையப் பாரு." போலீஸிடமும் அவர் வாய் திறக்கவில்லை.

அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

அண்ணன்

மார்ச் 29

அண்ணா,

அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். பிரதி எடுத்து முதலாளிக்கு ஒன்று, உன் பத்திரிகைக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். உன் வாசகர்களுக்குப் பிடிக்கும்.

அம்மா உன்னைத் திட்டவில்லை. "அப்போ ரெண்டு வருஷமும் அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "பக்கத்துலயே இருந்தேனே, எங்கிட்டகூடச் சொல்லலியே" என்றாள். நான்கு நாளாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சுவரைப் பார்த்து.

தங்கை