கூட்டணி ஆன நாள்

வியாழக்கிழமை, ராத்திரி

போன தேர்தல்ல கொடிக்கம்பம் நடுற சண்டையில, என் தம்பி முருகேசன் என் வீட்டுக்காரரை அருவாளால வெட்டினான். வலது கையில மூணு விரல் போச்சு. பட்டாசுக் கம்பெனி வேலையும் அதோட போச்சு. ரெண்டு பேருக்கும் வேற வேற கட்சி. அதுக்கப்புறம் தம்பி எங்க வாசலை மிதிக்கல.

இன்னைக்குச் சாயங்காலம் வந்தான். ரெண்டு கட்சியும் கூட்டணி சேந்துருச்சாம்.

"மச்சான், நம்ம ரெண்டு பேரும் சேந்து ஓட்டுக் கேக்கணும்னு மேலிடத்துல சொல்லிட்டாக. வாங்க"ன்னான். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இல்ல.

இவுக அவனை விரட்டுவாகன்னு நினைச்சேன். "வா மாப்ள, காப்பி குடி"ன்னு சொல்லி, அந்த அரைக் கையாலேயே அவனைக் கட்டிப்பிடிச்சாக.

எனக்குக் கோவத்துல கண்ணு மண்ணு தெரியல. தோசைக்கல்லை எடுத்து முருகேசன் நெத்தியில அடிச்சேன். தோல் கிழிஞ்சு சட்டையெல்லாம் ரத்தம். மறுபடி ஓங்கினேன். இவுக என் முடியைப் பிடிச்சுச் சுவத்துல மோதினாக.

"கூட்டணியைக் கெடுக்கப் பாக்கியாடி?"

பெறகு தன் கட்சித் துண்டை அவன் தலையில கட்டிவிட்டு, பைக்ல ஏத்திக்கிட்டுப் போனாக. சிவகாசியில தையல் போட்டுட்டு, நேரா எங்கூர்ல நடக்குற கூட்டணிக் கூட்டத்துக்குப் போயிட்டாக போல.

எனக்குத் தலை விண்ணுவிண்ணுன்னு வலிக்குது. மைக்ல இவுக குரல் இங்கன வரைக்கும் கேக்குது. முருகேசனை "என் ரத்தம்"னு சொல்றாக.