அன்னம்மாளுக்குத் தடுமல் பிடித்த கதை

சேசு மரி சூசை துணை

வட்டவளை,
17.7.1962

அன்பு மகள் ஜோசப்பினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்க நானும் உன் அம்மாவும் ஆடி மழையில ஊறிப்போனாலும் ஆண்டவர் புண்ணியத்துல சுகமா இருக்கோம், அங்க திருகோணமலையில நீயும் மாப்பிள்ளையும் உன் வயித்துல இருக்கிற புள்ளையும் அதே மாதிரி சுகமா இருக்கணும்னு காலையிலயும் ராவுலயும் மன்றாடுறோம். இந்தக் கடிதத்தை உக்காந்து படி புள்ள, சிரிப்பு வந்தா வயித்தை ஒரு கையால புடிச்சுக்க. எழுதப்போறது என் வண்டவாளம், அதனால சிரிப்புக்குக் குறைச்சல் இருக்காது.

போன பிரசவத்துல புள்ளையும் தங்காம, நீயும் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கண்ணு தொறக்காமக் கெடந்தது எங்களுக்கு இன்னும் மறக்கல. திரும்ப உண்டாயிருக்கேன்னு நீ எழுதின அன்னைக்கே தோட்டத்துக் கோயிலுக்கு ஓடிப்போய், மாதாவைப் பெத்த அன்னம்மாள் சுரூபத்துக்கு முன்னால முழங்கால் போட்டேன். ஒரு திரி கொளுத்துறேன் தாயேன்னு சொல்லிட்டு எழும்பியிருக்கலாம். இந்த வாய் சும்மா இருக்குமா. மகளுக்குப் பிரசவம் ஆகுறதுக்கு முந்தி என் கையால ஒரு வாசனை மெழுகுதிரின்னு சத்தமா நேர்ந்துட்டேன். நான் நெனச்சது கடையில வாங்கி என் கையால கொளுத்துறதை. வெளிய வந்ததும், பின்னால நின்னு கேட்டுக்கிட்டிருந்த உன் அம்மா, கையாலன்னா கையாலயே செய்யணும், நேர்த்திக்கு வாயில வந்த சொல்லுதான் கணக்கு, மனசுல இருந்தது இல்லன்னுட்டா. வேற விசயமா இருந்தா வாதாடியிருப்பேன். உன் விசயத்துல அன்னம்மாள்கிட்ட சாக்குச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரல.

தேயிலைத் தூள் ஆக்குற ஸ்டோர்ல இத்தனை வருசம் கொழுந்து காய வைக்கிறவன், மெழுகு உருக்குறது என்ன பெரிய வித்தைன்னு எறங்கினேன். பூசை வைக்கிற சுவாமிகிட்டக் கேட்டு, கோயில்ல எரிஞ்சு மிஞ்சின துண்டுத் திரியெல்லாம் அள்ளிட்டு வந்து, பால் டின்னுல போட்டு நேரா அடுப்பு மேல வச்சேன். கொஞ்சம் பொகைஞ்சு குப்புன்னு புடிச்சிருச்சு. உன் அப்பன் புத்திசாலியாச்சே, ஒரு செம்புத் தண்ணியத் தூக்கி ஊத்தினேன். ஐயோ, தீ கூரைத் தகரம் வரைக்கும் போயிட்டு வந்துச்சு புள்ள, வந்த வழியில என் மீசையில பாதியக் கொண்டுபோயிருச்சு. மறுநாள் ஸ்டோருக்குப் பெரியவரு டீமேக்கர் ஐயா, மத்தப் பாதி என்ன பாவம் செஞ்சதுன்னு கேட்டாரு. பெறகு உன் அம்மா, சட்டியில தண்ணி கொதிக்க வச்சு அதுக்குள்ள டின்னை எறக்குங்கன்னா. அப்படியே வச்சேன், வெண்ணெய் மாதிரி உருகிருச்சு. இது அவளுக்கு முன்னாலயே தெரியுமாம், நான் கேக்கலையாம்.

அச்சுக்கு மூங்கில் குழாயைப் பொளந்து கட்டி, நடுவுல நூல் திரியத் தொங்கவிட்டு ஊத்தினேன். உள்ள தேங்காய் எண்ணெய் தடவணும்னு எவனுக்குத் தெரியும், முதல் திரி குழாயை விட்டு வரவே மாட்டேன்னுருச்சு, கத்தியால நோண்டினா தூள்தூளா வந்துச்சு. திரும்ப உருக்கு, திரும்ப ஊத்து. உன் அம்மாவுக்கு அந்த வாரம் அடுப்பே கெடைக்கல, பாதி நாள் லயத்துல நம்ம சுவத்துக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா மீனம்மாதான் எங்களுக்குச் சோறு போட்டா.

இனி வாசனை. ஹட்டன்ல ஒரு கடையில ரெண்டு போத்தலை எடுத்து நீட்டினாங்க, ஒண்ணு ரோசாப்பூ எண்ணெய், ஒண்ணு யூக்கலிப்டஸ் தைலம். ரெண்டையும் மோந்து பாத்தேன், ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு. தேயிலைத் தூளை இழுத்து இழுத்து என் மூக்கு எப்பவோ செத்துப்போச்சுன்னு அப்ப எனக்குத் தெரியாது. பெரிய போத்தலாப் பாத்துத் தைலத்தையே வாங்கிட்டு வந்துட்டேன். மெழுகுல கொஞ்சம் விட்டேன், மணக்கல. இன்னும் கொஞ்சம் விட்டேன், மணக்கல. அன்னம்மாளுக்குக் கஞ்சத்தனமான்னு போத்தலையே கவுத்துட்டேன். அந்நேரம் மீனம்மா தடுமல் புடிச்சு மூக்கொழுகுற பேத்தியத் தூக்கிட்டு ஓடி வந்து, அண்ணே இதுக்கும் கொஞ்சம் ஆவி புடிச்சுக்கிறேன்னா. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

போன ஞாயித்துக்கிழமை பூசைக்கு முந்தி, ரெண்டு கையாலயும் திரியை ஏந்திட்டுப் போய் அன்னம்மாள் முன்னால வச்சுக் கொளுத்தினேன். எண்ணெய் கூடிப்போனா மெழுகு இறுகாதாம், அது வேர்த்து வேர்த்து, பிரசங்கம் முடியிறதுக்குள்ள நடு முதுகு வளைஞ்சு நின்னுச்சு. கோயில் முழுக்க இருமல். எல்லார் கண்ணுலயும் தண்ணி. பூசை முடிஞ்சு சுவாமி மூக்கைத் தொடைச்சுக்கிட்டே வந்து, ஏன் ஜோர்ஜ், அன்னம்மாளுக்குத் தடுமலான்னு கேட்டாரு. ஊரே சிரிச்சுச்சு, உன் அம்மா முக்காட்டை முகத்துல இழுத்து விட்டுக்கிட்டா, நானும் சிரிச்சேன். ஆனா நேர்த்தி நேர்த்திதான் தாயி, அடிக்கட்டை வரைக்கும் எரிஞ்சு முடியிற மட்டும் நான் அங்கேருந்து அசையல.

எல்லாரும் பேரப்பிள்ளைக்காக நேர்ந்ததா நெனைக்கிறாங்க, உன் அம்மாவும் அப்படித்தான் நெனைக்கிறா. உனக்கு மட்டும் சொல்றேன், நான் புள்ளையக் கேக்கல. புள்ளை குடுத்தா சந்தோசம், தாயே, ஆனா என் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்துருன்னுதான் மனசுக்குள்ள கேட்டேன். பாட்டனாகப் போறவன் கேக்கிற கேள்வியா இதுன்னு நீ கோவிச்சாலும் பரவாயில்ல, எனக்கு முதல்ல நீதான் வேணும்.

கனமான தண்ணிக்குடம் தூக்காதே. நோவு கண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போயிரு, வீட்டுல பாத்துக்கலாம்னு இருந்துராதே. அன்னம்மாள் உன் தலைமாட்டுல நிக்கட்டும், மாதா உன்னை முந்தானையில முடிஞ்சு வச்சுக் காப்பாத்தட்டும், மாப்பிள்ளைக்கும் எங்க ஆசீர்வாதம். ஒண்ணை மறந்துராதே. பிரசவம் ஆனதும் மாப்பிள்ளையத் தந்தி அடிக்க விடாதே, லயத்துக்குத் தந்தி வந்தா எழவுதான்னு பிரிக்கிறதுக்கு முந்தியே ஒப்பாரி வச்சிருவாங்க. கடிதம் போடு. நாள் ஆனாலும் சரி, ஒரு வரி ஆனாலும் சரி, கோணல்மாணலா இருந்தாலும் சரி, மேல்விலாசத்தை நீயே எழுது. வேற ஆள் கையெழுத்துல ஒரு உறை வந்தா அதைப் பிரிக்க எனக்குக் கை வராது.

இப்படிக்கு,
பாதி மீசையோட உன் அப்பா
ஜோர்ஜ்