சத்தமே இல்லாத மெஷின்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். கையில் போன் இருக்க இவள் ஏன் காகிதத்தைத் தேடினாள் என்று பதறாதே. இங்கே யாரும் படுத்த படுக்கையாக இல்லை. ஆனால் எனக்கு விழுந்த அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், சொல்ல வந்தது போய்ச் சேராது. தவிர, இந்தக் கடிதத்தின் அடியில் இன்னொருவருக்கும் இடம் விட வேண்டியிருக்கிறது.

முதலில் உன் விஷயம். வாண்டுவைத் தூக்கிக்கொண்டு வீட்டோடு வந்துவிடட்டுமா என்று நீ போனில் அப்பாவிடம் கேட்டதற்கு, அவர் "நல்லது நல்லது, உடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் என்றாய். இனி செத்தாலும் கேட்கமாட்டேன் என்றும் சொன்னாய். புகுந்த வீட்டில் உனக்கு என்ன நடக்கிறது என்று நான் துருவ மாட்டேன். நீ கேட்டாய் என்பதே எனக்குப் போதும். ஆனால் அன்றிலிருந்து உன் அப்பாவோடு அவசியத்துக்கு மேல் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை ணங்கென்று வைத்தேன், பாத்திரத்தை உருட்டினேன், முதுகுக்குப் பின்னால் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனிதர் அசையவே இல்லை. கல்நெஞ்சு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று நேருக்கு நேர் கேட்டிருக்கலாம். "ஆமா, வரவேண்டாம்னுதான் சொன்னேன்" என்று பதில் வந்துவிட்டால் அதன்பிறகு நான் எப்படி அந்த மனிதரோடு ஒரு வீட்டில் இருப்பேன்? அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை.

இனி மெஷின் கதை. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து கார் ஷெட்டே கதி என்று கிடக்கிறார், தெரியும் அல்லவா. கார்தான் இல்லையே, ஷெட்டாவது உபயோகப்படட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது வாண்டுவுக்கு ஒரு குட்டி நாற்காலி செய்கிறார். பார்சலில் அனுப்ப வசதியாக, கழற்றி மாட்டுகிற மாதிரி போல்ட் வைத்து. சாய்மானப் பலகையில் மீன் வடிவத்தில் ஓர் ஓட்டை வெட்டியிருக்கிறார். எந்த ஓட்டையைப் பார்த்தாலும் பையன் விரலை விடுகிறான் என்று நீ சொன்னதை நான்தான் போய்ச் சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான், மீனின் உள்விளிம்பில் ஒரு சிராய் இருக்கக்கூடாது என்று உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்துத் தேய்த்து, விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

இதற்கென்றே ஒரு மெஷின் இருக்கிறதாம். ஸ்பிண்டில் சாண்டர் என்று பெயர். மேசைமேல் வைக்கிற அளவுதான். நடுவில் உப்புத்தாள் சுற்றிய உருளை ஒன்று நின்றபடியே சுழலும், சுழன்றுகொண்டே மேலும் கீழும் ஏறி இறங்கும். வளைவுக்குள் கட்டையைக் காட்டினால் போதும், வழவழவென்று ஆகிவிடும் என்றார். பொண்ணு பார்க்கிறவர்கள்கூட இத்தனை விசாரித்திருக்க மாட்டார்கள். உருளை எத்தனை அளவில் வரும், தூசியை உறிஞ்சக் குழாய் மாட்ட முடியுமா, மேசை சாயுமா என்று தாள் தாளாக எழுதி வைத்துக்கொண்டார். என் நிபந்தனை ஒன்றே ஒன்று. ஷெட்டுக்கு மேல் அறையில்தான் நம் வீட்டில் வாடகைக்கு இருக்கும் நர்ஸ் படுக்கிறாள். ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற பெண். சத்தம் போடாத மெஷினாக இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் கொப்புளமே இருக்கட்டும் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவரை நம்பாமல் கடைக்கும் கூடவே போனேன்.

கடைக்காரர் பொறுமைசாலி. இரண்டு மெஷின்களை அருகருகே வைத்து, முதலாவதைப் போட்டார். பழைய பிரிட்ஜ் மாதிரி அடித்தொண்டையில் ஒரு முனகல், அவ்வளவுதான். எனக்குப் பிடித்துவிட்டது. உன் அப்பா முகம் சுளித்தார். "என்னங்க இது, இப்படி உறுமுது. வேற காட்டுங்க" என்றார். கடைக்காரர் இரண்டாவதைப் போட்டார். அம்மாடி! பல் கூசுகிற மாதிரி ஒரு கீச்சல். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள், நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். உன் அப்பா மெஷின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் மெஷின்! சத்தமே இல்ல பாத்தியா. இதையே குடுத்துடுங்க" என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வழக்கம்போல விளையாடுகிறார் என்று நான் சிரித்தேகூட விட்டேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. மெஷினை நிறுத்தினார். கடையே அமைதியானது. அப்பா குனிந்து உருளையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏங்க" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். இல்லை. இத்தனை நாள் கேட்கப் பயந்ததை அந்த முதுகைப் பார்த்துக் கேட்டேன். "உங்க மக வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டாளே, ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று. அவர் தடவிக்கொண்டே இருந்தார். எங்களை யாரென்றே தெரியாத அந்தக் கடைக்காரர்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

அங்கே கிடந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

மில்லில் தறிகளுக்கு நடுவே நின்ற காது. கீச்சுக் குரல்களெல்லாம் முதலில் போய்விடுமாம், கனத்த சத்தம் மட்டும் நிற்குமாம். இதெல்லாம் பிறகு காது டாக்டர் சொன்னது. உன் குரல் மெல்லிசு, அதுவும் போனில். நீ எத்தனை முறை பேசியிருப்பாய்! எல்லாவற்றுக்கும் தப்பில்லாத பதில் என்று ஒன்றைத் தயாராக வைத்திருந்திருக்கிறார்: நல்லது நல்லது, உடம்பப் பாத்துக்கோ. இவரை நான் கல்நெஞ்சு என்றேனே. இதைவிட வெட்கக்கேடு, கொஞ்ச காலமாக அவர் எதிரே வந்து நின்று என் முகத்தையே பார்த்துப் பேசுவார். இந்த வயதில் இத்தனை ஆசையா என்று நான் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தேன். பார்த்ததெல்லாம் என் உதட்டையாம்!

வீட்டுக்கு வந்ததும் ஷெட்டில் கிடந்த பலகைத் துண்டில் அவருடைய பென்சிலாலேயே எழுதிக் காட்டினேன். நீ என்ன கேட்டாய், அவர் என்ன பதில் சொன்னார் என்று. படித்தார். மறுபடி படித்தார். "அவ கேட்டாளா?" என்றார். தலையாட்டினேன். "அழுதாளா?" என்றார். அதற்கும் தலையாட்டினேன். அப்படியே மரத்தூள்மேல் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ வருஷமாக இவரைப் பார்க்கிறேன், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. காது போனது எனக்குத் தெரிந்தால் மெஷின் பக்கமே போகக்கூடாது என்று ஷெட்டைப் பூட்டிவிடுவேன் என்று பயந்தாராம். உண்மைதான், பூட்டியிருப்பேன்.

உறுமுகிற மெஷினையே வாங்கினோம். காதை மூடும் கவசம் ஒன்றும் சேர்த்து வாங்கினார். இருக்கிறதையாவது காப்பாற்ற வேண்டாமா என்கிறார். காதுக்குள் வைக்கிற கருவி வர இன்னும் நாளாகும். நர்ஸ் நிம்மதியாகத் தூங்குகிறாள். நாற்காலியும் முடிந்துவிட்டது, ஆனால் அதை அனுப்ப முடியாது. ஏன் என்பதை அவரே சொல்கிறாராம், என்னைச் சொல்லக்கூடாது என்று விரட்டுகிறார். வாண்டுவுக்கு என் முத்தங்கள். நீ வேளைக்குச் சாப்பிடு. உன்னைப் பெற்றவளுக்கு இப்போது வேறு எதுவும் எழுத வரவில்லை.

அம்மா

கண்ணு,

அப்பா எழுதுகிறேன். நீ கேட்டது என் காதில் விழவில்லையம்மா. விழுந்திருந்தால் அன்றைக்கே கிளம்பி வந்து நின்றிருப்பேன்.

நாற்காலியில் இருந்த போல்ட்டையெல்லாம் கழற்றிவிட்டேன். பசை போட்டு, இறுக்கி, ஒட்டிவிட்டேன். இனி அது பிரியாது, எந்தப் பெட்டிக்குள்ளும் போகாது. உட்கார வேண்டியவன்தான் இங்கே வரவேண்டும். மீனுக்குள் விரலை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எங்கேயும் குத்தவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: வந்துவிடு. போன் செய்து சொல்லவேண்டும் என்றுகூட இல்லை. அம்மா வெளியே போயிருந்தால் நீ கதவைத் தட்டுவது எனக்குக் கேட்காது. அதனால் தட்டாதே, தள்ளிக்கொண்டு உள்ளே வா. நான் தாழ்ப்பாள் போடுவதை நிறுத்திவிட்டேன்.

அப்பா