மூன்று மீட்டர் கேபிள்

அன்புள்ள லியோ,

உன் காலில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்த அன்று, "அவுகள வந்து பாக்கக் கூடாதாண்ணே?" என்று உன் மனைவி ஜாஸ்பின் போனில் கேட்டாள். வேலை என்று சொல்லிவிட்டேன்.

உன் ஹாம் ரேடியோவின் ஆன்டெனாவுக்கு இருபது மீட்டர் கேபிள் கேட்டாய். நான்தான் அளந்தேன். பதினேழில் வெட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை என் ரேடியோவுக்கு வைத்துக்கொண்டேன். கடைக்காரர் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

கேபிள் எட்டவில்லை. "பரவால்லடா, கம்பத்த இங்கிட்டு நகட்டிக்கிறேன்" என்று மொட்டைமாடி விளிம்புக்குப் போனாய். அங்கிருந்துதான் விழுந்தாய்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வேணாம்னு சொல்லியும் நான்தான் கேக்கல" என்றாய்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆவூருக்கு வருகிறேன். ஜாஸ்பினையும் பக்கத்தில் உட்கார வை. அவளிடமும் சொல்ல வேண்டும்.

உன்னை விழவைத்தவன்