பார்க்காத ஆட்டத்துக்கு நீ சொன்ன சாட்சி

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் இருமல் நின்றதா? எவ்வளவு கோபம் இருந்தாலும் இதைக் கேட்காமல் மேலே எழுத வரவில்லை. அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று, துணி துவைக்கும் மெஷினில் பேரிங் போய்விட்டது, நானே மாற்றினேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், நீயும் பட்டென்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

கோல்ஃப் கிளப் கோப்பையை உன் மாமா ஜெயித்தது உனக்குத் தெரியும். எப்படி ஜெயித்தான் என்பதும் தெரியும், எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. போட்டிக்கு முன் ஆடிய மொத்த அடியில் யாருக்கு எத்தனை அடி கழித்துச் சலுகை தருவது என்று கணக்குப் போடுகிறவன் நான். பழைய ஆட்டங்களிலிருந்து வருகிற, மோசமாக ஆட ஆட ஏறுகிற ஹாண்டிகேப் எண்ணை நம் மைதானத்தின் கடின எண் 131ஆல் பெருக்கி, சராசரி மைதானத்தின் 113ஆல் வகுத்து, அதோடு நம் மைதானத்துக்கென்று உள்ள அரை அடிச் சொச்சத்தைக் கூட்ட வேண்டும். மாமாவின் எண் 18.2. இருபத்திரண்டு அடி வந்தது, கொடுத்தேன். இறுதி ஆட்டத்தில் அவன் ஆடிய ஆட்டத்துக்குப் பதினைந்து அடி கொடுத்திருந்தாலே அதிகம். எதிரே ஆடிய மருந்துக்கடைக்காரர் இரண்டே அடியில் தோற்றார். தோற்றவர் என் கையைப் பிடித்து, உங்க கணக்குல எனக்குச் சந்தேகமே இல்ல சார் என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது. பெருக்கலில் தப்பு விட்டேனோ என்று மறுபடி போட்டேன், அதே இருபத்திரண்டு. அப்புறம்தான் அந்த 18.2 வந்த வழியைப் போனில் கிளப் ஆப்பைத் திறந்து பார்த்தேன். சமீபத்தில் மாமா படுமோசமாக ஆடியதாகப் பதிந்த அத்தனை ஆட்டத்துக்கும் கூட இருந்து பார்த்த சாட்சி நீ. அதில் ஒரு நாள் நீ காய்ச்சலில் படுத்துக்கொண்டு அம்மாவிடம் கஞ்சி வைப்பது எப்படி என்று போனில் கேட்ட நாள்.

மாமாவிடம் கேட்டேன். சிரிக்கிறான். அட போங்க மச்சான், பையன் இருந்த எடத்துல இருந்தே ஒரு பட்டனைத் தட்டினான், அதுக்குப் போய் கோர்ட்டா வைப்பீங்க என்கிறான். உன் அம்மா மட்டும், என் தம்பி அப்படித்தாங்க, இவன் எப்படிங்க என்றாள். கணக்கு என் பெயரில் போகிறது என்று தெரிந்தும் தட்டினாயே, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. உன் மாமாவிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளப் கமிட்டி கூடுகிறது. மருந்துக்கடைக்காரர் நம்பர் உன்னிடம் இருக்கிறது. அதற்குள் நீயே அவரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல். மாமா கெஞ்சினார், விளையாட்டுக்குச் செய்தேன் என்றெல்லாம் இழுக்காதே. நீ சொல்லாவிட்டால் நான் கமிட்டியில் எழுந்து சொல்வேன், யாரோ ஒரு பையன் என்று மழுப்ப மாட்டேன், என் மகன் என்றே சொல்வேன்.

வேளைக்குச் சாப்பிடு. இருமல் விடாவிட்டால் டாக்டரைப் பார். நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை.

அப்பா