ஜீப்பு நம் பின்னால்தான் வந்தது

இன்று காலை போடி கடைவீதியில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப்பு ஒன்று என்னைத் தாண்டிப் போனது. ஏலக்காயும் டீசல் புகையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். மற்றவர்களுக்கு அந்த வாசனையில் போடிமெட்டு மலை நினைவுக்கு வரும். எனக்குக் கடல் வருகிறது. அது ஏன் என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

எழுபதுகளின் கடைசி. நம் ஊர் ராசிங்காபுரத்திலிருந்து போடிக்கு நாம் இருவரும் சைக்கிளில் போய் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு பெண்கள் சைக்கிளில் போனால் ஊர் சும்மா இருக்குமா? ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப்போகும் உன் அண்ணனை ஜீப்பு நிற்கும் இடத்திலேயே கேலி செய்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து சைக்கிளை விற்கப்போவதாகக் கத்தினார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"இந்தா இருக்கிற போடிக்கு மிதிக்கிறதுக்கு இம்புட்டு வீம்பா?" என்றார்.

"எங்க வரைக்கும் மிதிச்சா ஒத்துக்கிருவ?" என்று கேட்டாய்.

"கன்னியாகுமரி வரைக்கும் மிதி, பாப்போம். நான் ஜீப்புல பின்னாலயே வர்றேன். ஒரு தடவை ஜீப்புல ஏறுனாலும் சைக்கிளை வித்துட்டு வீட்டோட கெடக்கணும்."

"ஏறலேன்னா?"

"கல்யாணத்துக்கு அப்புறமும் சைக்கிள்லயே வேலைக்குப் போ. எவன் கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

"சரிண்ணே. ஆனா கடலோரமாப் போவோம். நான் கடலைப் பாத்ததே இல்ல."

கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் உன் அண்ணன் பின்வாங்கவில்லை. காய்ப் பறிப்பு இல்லாத கோடையில் ஜீப்பில் அரிசி, தண்ணீர்க் குடம், காற்றடிக்கும் பம்பு எல்லாம் ஏற்றினார். சமைக்க உன் மதினியும் ஏறிக்கொண்டார். மதினி வருகிறார் என்றதும் என் வீட்டிலும் விட்டார்கள். "ஒருத்திக்கு ஒருத்தி தொணை" என்று சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டாய்.

தூத்துக்குடியில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது நீ சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி அப்படியே நின்றாய். "ஏ புள்ள, இதுக்கு அந்தப் பக்கமே கெடையாதா?" என்று கேட்டாய். மலையையே பார்த்து வளர்ந்த நமக்கு, பார்வை தட்டி நிற்க ஒன்றுமில்லாத இடம் அது. ஜீப்புக்குள் மட்டும் ஏலக்காயும் டீசலும் கலந்த நம் மலை வாசனை அப்படியே இருந்தது. கஞ்சி குடிக்கப் பக்கத்தில் போகும்போதெல்லாம் ஊருக்கே போய்விட்ட மாதிரி இருக்கும்.

திருச்செந்தூர் தாண்டியதும் பாதை கெட்டது. தார் பெயர்ந்து கல்லாகக் கிடந்தது. போதாததற்கு எதிர்காற்று வேறு, செம்மணலை வாரி வழியெல்லாம் மூடியிருந்தது. மிதிக்க மிதிக்கச் சக்கரம் உள்ளே புதைந்தது. ஓர் இறக்கத்தில் உன் முன்சக்கரம் மணலுக்குள் திருகி, கல்லின்மேல் விழுந்தாய். முழங்கால் கிழிந்து ரத்தம் பாவாடையை நனைத்தது. ஹேண்டில்பார் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

உன் அண்ணன் ஓடி வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "ஏறுத்தா ஜீப்புல. பந்தயமாவது மண்ணாவது" என்றார்.

"நீதான பேசுன?"

"நாந்தான் பேசுனேன், நானே வேணாங்கிறேன். வெரசா ஏறு."

நீ அழுதுகொண்டுதான் இருந்தாய். ஆனாலும் எழுந்து சைக்கிளை நிமிர்த்தினாய். "ஜீப்புல ஏறக்கூடாதுன்னுதான பேச்சு? நடக்கக்கூடாதுன்னு சொல்லலையேண்ணே" என்றாய். அவர் முன்சக்கரத்தை இரு தொடைகளுக்கிடையில் இடுக்கிப் பிடித்து, ஹேண்டில்பாரைத் திருகி நேராக்கி உன் கையில் கொடுத்தார்.

நானும் இறங்கி உன்னோடு தள்ளிக்கொண்டு நடந்தேன். "நீ ஏன்டீ எறங்குன? ஏறிப் போ" என்று திட்டினாய். நான் கேட்கவில்லை. எதிரே மீன் கூடையோடு வந்த ஓர் அம்மா உன் காலைப் பார்த்துக் கூடையை இறக்கினார்.

"எங்கயிருந்து வாரீய மக்கா?"

"போடி."

"அது எங்க இருக்கு?"

"மலைக்குக் கீழ."

"மலையிலயிருந்து சைக்கிளு மிதிச்சா வாரீய?" என்று வாயில் கைவைத்தவர், தோளில் கிடந்த துணியைக் கிழித்து உன் முழங்காலில் இறுக்கிக் கட்டினார். பிறகு பின்னால் ஊர்ந்து வந்த ஜீப்பைப் பார்த்து, "அவருக்கு என்ன, வண்டி ஓட மாட்டேங்குதோ?" என்றார். வலியிலும் நீ சிரித்த சிரிப்பு! உன் அண்ணனும் சிரித்துவிட்டார்.

மறுநாள் வீங்கிய காலை மிதிகட்டையில் சும்மா வைத்துக்கொண்டு, மற்றக் காலாலேயே மிதித்தாய். கன்னியாகுமரியில் போய் நின்றபோது உன் அண்ணன் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். உன் சைக்கிளை வாங்கி, தன் துண்டால் அதன் செம்மண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது சைக்கிள்களோடு நம்மையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். போடி எல்லை வந்ததும் வண்டியை நிறுத்தி, சைக்கிள்களை இறக்கினார்.

"ரெண்டு பேரும் மிதிச்சுக்கிட்டே ஊருக்குள்ள போங்க. நான் பின்னால வர்றேன்."

கடைவீதி முழுக்க ஹாரனை அடித்துக்கொண்டே வந்தார். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தன்னைக் கேலி செய்தவர்கள் நின்ற இடத்தில் தலையை வெளியே நீட்டி, "கன்னியாகுமரி போயிட்டு வருதுக! வழி விடுங்கப்பா!" என்று கத்தினார். நீ திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தி, வலது காலால் மட்டும் மிதித்துக்கொண்டு எனக்கு முன்னால் போனாய்.

கல்யாணத்துக்குப் பிறகும் நீ சைக்கிளில்தான் வேலைக்கு வந்தாய். அடுத்த சில வருடங்களில் நம் ஊரிலிருந்து போடிக்கு மிதித்துவரும் பெண்கள் கூட்டமாகிவிட்டார்கள். ஒருவரும் அவர்களை நிறுத்திக் கேட்கவில்லை.

இப்போது தோழிகள் வந்தால் என் பேத்திகள், "அம்மாச்சி கன்னியாகுமரிக்கே சைக்கிள்ல போனவங்க" என்றுதான் என்னைக் காட்டுகிறார்கள். "தனியாவா?" என்று அந்தத் தோழிகள் கேட்பார்கள். அவர்களை உட்காரச் சொல்லி, முதலில் உன் பெயரைச் சொல்வேன். அதன் பிறகுதான் கதையில் நான் வருவேன்.